ஒரு புத்தகம், நாலு தலைப்பு

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மருத்துவமனை நூலகத்தில் புத்தகங்கள், கொடுத்தவர் பெயரில் அடுக்கப்பட்டிருந்தன. எஸ்டேட் டாக்டர் ஒருவரின் குடும்பம் கொடுத்தது ஒரு பீரோ. ரிடையர் ஆகி கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்ட சர்ஜன் கொடுத்தது இன்னொரு பீரோ. நர்சிங் பள்ளிக்காக வாங்கியவை இரும்பு ரேக்கில். எது எங்கே என்பது அட்டெண்டர் அண்ணன் ஒருவருக்குத்தான் அத்துப்படி. "நீல அட்டை, தடியா இருக்கும், ஜன்னல் ஓரம் ரெண்டாவது தட்டு" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். அவர் கோத்தகிரிக்குக் கல்யாணத்துக்குப் போனால் நூலகத்துக்கும் லீவு.

குன்னூருக்குச் சற்று மேலே உள்ள சின்ன மருத்துவமனை இது. பெயர் வேண்டாம். நர்சிங் மாணவிகள், ட்யூட்டி டாக்டர்கள், ஊர் ஊராகப் போய்வரும் சுகாதாரப் பணியாளர்கள், இவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். மருத்துவப் புத்தகங்களை எப்படி ஒழுங்குபடுத்தினீர்கள் என்று என்னைப் போலவே தனி ஆளாக நூலகம் நடத்தும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் முதுகில் ஒட்டும் பகுப்பு எண்ணுக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தை, புத்தகம் எதைப் பற்றியது என்று பதிவில் எழுதும் பொருள் தலைப்புக்குக் கொடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம்தான். நூலக அறிவியல் படித்த தமிழ்நாட்டுக்காரர் யாரும் சீர்காழி ரங்கநாதனைத் தாண்டி வந்திருக்க முடியாது. 1933இல் வந்த, புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்பில் மருத்துவத்துக்கு எழுத்து எல். "இந்தியாவில் 1950இல் நடந்த, நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே மூலம் குணப்படுத்துவது பற்றிய ஆராய்ச்சி" என்பதை எல்,45;421:6;253:எஃப்.44'என்5 என்று ஒரே எண்ணில் அடக்கிவிடுவார். 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 வருஷம். பரீட்சைக்கு இதை உருப்போட்டபோது கடுப்பாக இருந்தது. வேலைக்கு வந்த பிறகுதான், ஒரு புத்தகத்தின் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் கண்ணை அவர் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி ட்யூட்டி நர்ஸ் ஒருவரால் ரேக்கில் எதையும் எடுக்க முடியாது.

அடுக்குவதற்கு நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பகுப்பு. நாங்கள் சுருக்கமாக என்.எல்.எம். என்போம். எளிமையான ஏற்பாடு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பில் க்யூஎஸ் முதல் க்யூஇசட் வரைக்கும், அப்புறம் டபிள்யூ எழுத்தும் இவர்களுக்காகவே காலியாக விடப்பட்டவை. க்யூஎஸ் உடற்கூறு, க்யூடி உடலியங்கியல், க்யூவி மருந்தியலும் நச்சியலும், க்யூடபிள்யூ நுண்ணுயிரியல். டபிள்யூவில் தொடங்குவது எல்லாம் நோயும் வைத்தியமும்: டபிள்யூசி தொற்றுநோய், டபிள்யூஎஃப் நுரையீரல், டபிள்யூஜி இதயம், டபிள்யூக்யூ பேறுகாலம், டபிள்யூஎஸ் குழந்தை, டபிள்யூஒய் நர்சிங். இரண்டு எழுத்து, ஒரு எண், ஆசிரியர் பெயருக்கு ஒரு குறி. சின்ன நூலகத்துக்கு இது தாராளம். ஒவ்வொரு ரேக்கின் தலையிலும் எழுத்தைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால் மாணவிகள் ஒரே வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள்.

பீரோக்களைக் கலைத்தபோது சூப்பிரண்டெண்ட் சாருக்கு மனசில்லை. "அந்தக் குடும்பத்துக்காரங்க வந்து பார்த்தா வருத்தப்படுவாங்களேம்மா" என்றார். நியாயம்தான். கொடுத்தவர் பெயரை அக்சஷன் ரெஜிஸ்டரில் வைத்து, புத்தகத்தின் உள் அட்டையில் ஒரு சீட்டும் ஒட்டினேன். யார் கேட்டாலும் இன்னார் கொடுத்த புத்தகங்கள் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் எடுத்துக் கொடுக்க முடியும். சார் சரி என்றுவிட்டார்.

ஆனால் அடுக்கியதோடு வேலை முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பூச்சிமருந்து விஷம் பற்றி ஒரு புத்தகம். தேயிலைத் தோட்டமும் உருளைக்கிழங்குக் காடும் உள்ள ஊரில் இது ஒப்புக்கு வைத்திருக்கும் புத்தகம் இல்லை. விஷம் என்று பார்த்தால் க்யூவியில் போக வேண்டும். தோட்டத் தொழிலாளர் உடல்நலம் என்று பார்த்தால் பொதுச் சுகாதாரமான டபிள்யூஏ. அவசர சிகிச்சை என்று தேடி வருகிறவர் இந்த இரண்டு பக்கமும் போகவே மாட்டார். ஒரே பிரதி, ஒரே இடத்தில்தான் நிற்கும். நான் க்யூவியில் வைத்தேன். மற்ற இரண்டு பேருக்கும் அந்தப் புத்தகம் இல்லாத மாதிரிதான், தலைப்புகள் இல்லையென்றால்.

இங்கேதான் மெஷ் வருகிறது. மருத்துவப் பொருள் தலைப்புகளின் பட்டியல். அதே அமெரிக்க நூலகம் 1960இல் முதலில் வெளியிட்டது. அப்போது அதன் தலைவராக இருந்த ஃபிராங்க் ரோஜர்ஸ், கட்டுரைகளுக்கும் புத்தகங்களுக்கும் ஒரே தலைப்புப் பட்டியல் போதும் என்று முடிவெடுத்தவர். அதற்கு முன்னால், அந்த நூலகத்தைப் பழைய நாளில் நடத்திய பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற மருத்துவக் கட்டுரைகளின் அச்சு அட்டவணை இருந்தது. அது 2004இல் நின்றுபோனது. இன்று மருத்துவக் கட்டுரைகளுக்கான இணையத் தேடுதளமான பப்மெடில் தேடுகிற எல்லாருக்கும் பின்னால், அவர்களுக்கே தெரியாமல், மெஷ் வேலை செய்துகொண்டிருக்கிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள், பதினாறு பெரும்பிரிவுகள், அவற்றின் கீழே கிளை கிளையாக இறங்குகின்றன. எங்களைப் போன்றவர்கள் ஒரு காசு செலவில்லாமல் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

மெஷ்ஷில் எனக்குப் பிடித்தது, ஒரே தலைப்பு பல கிளைகளில் நிற்கலாம் என்பது. நுரையீரல் காசநோய் தொற்றுநோய்க் கிளையிலும் இருக்கிறது, சுவாச நோய்க் கிளையிலும் இருக்கிறது. ரேக்கில் முடியாத காரியம் இது. பூச்சிமருந்துப் புத்தகத்துக்கு ஆர்கனோஃபாஸ்ஃபேட் பாய்ஸனிங், பெஸ்டிசைட்ஸ், அக்ரிகல்சுரல் வொர்க்கர்ஸ் டிசீஸஸ், எமர்ஜென்சி ட்ரீட்மென்ட் என்று நாலு தலைப்பு போட்டேன். புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; நாலு பேர் நாலு திசையிலிருந்து வந்து சேர்கிறார்கள்.

தலைப்பு போடுவதற்கு ஒழுங்கு உண்டு. முதலாவது, இருப்பதிலேயே குறிப்பானதைப் போட வேண்டும். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்தசோகையான சிக்கிள் செல் பற்றிய புத்தகத்துக்கு "அனீமியா, சிக்கிள் செல்" என்று போட வேண்டும். கூடவே "அனீமியா" என்றும் போட்டு நிரப்பக்கூடாது. பப்மெடில் அனீமியா என்று தேடினால் கீழ்க்கிளைகள் தானாகவே சேர்ந்து வந்துவிடும். எங்கள் நூலக மென்பொருளான கோஹா அப்படித் தானாகச் செய்யாது. அதனால் அனீமியா என்ற தலைப்பின் கீழ் "இதையும் பார்க்க" என்று நானே இணைப்பு கொடுத்து வைத்திருக்கிறேன். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டாவது, துணைத்தலைப்புகள். வெறிநாய்க்கடி நோய்க்கு ரேபிஸ் என்று மட்டும் போட்டு நிறுத்தினால் எல்லாம் ஒரே மூட்டை. ரேபிஸ் போட்டு, சாய்கோடு போட்டு, ப்ரிவென்ஷன் அண்ட் கண்ட்ரோல் என்றால் தடுப்பு. எபிடெமியாலஜி என்றால் எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. ஹிஸ்டரி என்றால் வரலாறு.

ரேபிஸை உதாரணமாக எடுக்கக் காரணம் இருக்கிறது. குன்னூரில் அது வெறும் பாடப்புத்தகத் தலைப்பு இல்லை. பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இல் இங்கே தொடங்கப்பட்டது. வெறிநாய்க் கடிக்கு அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே கசௌலி வரைக்கும் போக வேண்டியிருந்தது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் அந்த நோயில் இறந்ததும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்துதான் இந்த நிறுவனத்துக்கு வழி செய்தன. எஸ்டேட் டாக்டர் பீரோவில் நாய்க்கடி பற்றிய பழைய பிரசுரங்கள் ஒரு கட்டு கிடந்தன. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசியைப் பற்றியவை அவற்றில் நிறைய. தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று நம் ஊரில் எல்லாரும் பயந்த ஊசி அதுதான். இந்தியாவில் 2004 கடைசியில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அந்தப் பிரசுரங்களை ட்யூட்டி டாக்டர் ஒருவர் தூக்கிப் போடச் சொன்னார். காலாவதியான வைத்தியம் மாணவிகள் கையில் கிடைத்தால் ஆபத்து என்றார். அவர் சொன்னதும் சரி, அவற்றைத் தூக்கிப் போடக்கூடாது என்ற என் பிடிவாதமும் சரி. வழி தலைப்பில் இருந்தது. இன்றைய தடுப்பூசி வழிகாட்டிகளுக்கு ரேபிஸ் வேக்ஸின்ஸ் என்று ஒரு தலைப்பு, ரேபிஸோடு பிரிவென்ஷன் அண்ட் கண்ட்ரோல் சேர்த்து இன்னொன்று. அவை டபிள்யூசி 550இல், எல்லாரும் எடுக்கும் ரேக்கில். பழைய கட்டுக்கு ஹிஸ்டரி என்ற துணைத்தலைப்பு. அது மருத்துவ வரலாறான டபிள்யூஇசட் எழுத்தோடு பூட்டிய பீரோவில். சிகிச்சை தேடி வருகிறவர் அதில் போய் விழ மாட்டார். வரலாறு தேடி வருகிறவருக்கு அது கிடைக்கும்.

அதே பீரோவில் மக்காரிசன் கட்டுரைகளின் தனிப்பிரதிகளும் இருந்தன. ராபர்ட் மக்காரிசன் முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் குன்னூரில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் ஆராய்ச்சியில் தொடங்கி, சத்துணவு ஆய்வுக்கூடம் ஒன்றையே இங்கே வளர்த்தெடுத்தவர். அது 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்து எடை பார்த்தார் அவர். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. நம் சென்னை மாகாணச் சாப்பாடு சாப்பிட்டவை கடைசி வரிசை. மெஸ்ஸில் இதைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

இந்த மனிதரைப் பகுப்பு எண்ணில் வைத்தால் சிதறிப்போவார். முன்கழுத்துக் கழலை பற்றி எழுதியது நாளமில்லாச் சுரப்பிகளின் டபிள்யூகே. பெரிபெரி டபிள்யூடி. பொதுவான உணவுச்சத்து க்யூயூ 145. மூன்று ரேக். தலைப்புகள் போட்டுவிட்டால் டெஃபிஷியன்சி டிசீஸஸ், டயட், பெரிபெரி, காய்ட்டர் என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்றாலும், இந்தியா என்ற இடத் தலைப்பிலும் அவர் பெயரிலும் மறுபடி ஒன்றுசேர்கின்றன.

இடத் தலைப்பு என்றதும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மெஷ்ஷில் நாடுகள் உண்டு, இந்தியா உண்டு, நீலகிரி இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, உலகத்துக்கே சேர்த்துப் பட்டியல் போடுகிறார்கள். எங்களுக்கு நீலகிரிதான் முக்கியம். கம்ப்யூட்டரில் புத்தக விவரங்களை எழுத நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் என்ற பதிவு வடிவத்தில், பொருள் தலைப்புக்கு 650 என்ற புலம். அதன் இரண்டாவது குறியில் 2 போட்டால் மெஷ் தலைப்பு என்று பொருள், 4 போட்டால் எந்தப் பட்டியல் என்று சொல்லாத தலைப்பு. இடத்துக்கு 651. நீலகிரி, கூடலூர், இருளர், பணியர், குறும்பர் என்று நானாகச் சேர்த்த தலைப்புகள் எல்லாம் 4 என்ற குறியோடு போகின்றன. எது பட்டியலிலிருந்து வந்தது, எது என் கைச்சரக்கு என்று எனக்கு அடுத்து வருகிற நூலகருக்குத் தெரிய வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு மாணவியின் கதையைச் சொல்வேன். மூன்றாம் வருஷம் படிக்கிறவள், கேஸ் பிரசன்டேஷனுக்காக வந்தாள். "மேடம், பேஷண்ட் கர்ப்பிணி, சிக்கிள் செல். ரெண்டும் சேர்ந்து ஒரு புக்கும் இல்ல மேடம்" என்றாள். ரத்த நோய் ரேக்கில், டபிள்யூஎச் 170இல், முழுக்கத் தேடிவிட்டு வந்திருக்கிறாள். அங்கே இருந்த புத்தகத்தில் கர்ப்பம் பற்றி இரண்டு பத்திதான். நல்ல அத்தியாயம் பேறுகாலப் புத்தகத்தில் டபிள்யூக்யூ ரேக்கில் இருந்தது. பெயரைப் பார்த்தால் பொதுவான மகப்பேறு நூல். அந்தப் புத்தகத்தின் பதிவில் "பிரெக்னன்சி காம்ப்ளிகேஷன்ஸ், ஹெமடாலஜிக்" என்றும் "அனீமியா, சிக்கிள் செல்" என்றும் நான் தலைப்பு கொடுத்து, அத்தியாய எண்ணைக் குறிப்பில் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டரில் காட்டியதும் எடுத்துக்கொண்டு போனாள்.

முறைப்படி பார்த்தால் அந்தத் தலைப்பை நான் கொடுக்கக் கூடாது. ஒரு பொருள் புத்தகத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் அதற்குத் தலைப்பு என்பது காங்கிரஸ் நூலகத்தின் வழிகாட்டுதல். பல நூலகங்கள் அதையே பின்பற்றுகின்றன. தடித்த மகப்பேறு நூலில் ஒரு அத்தியாயம் எங்கே, ஐந்தில் ஒன்று எங்கே? பல லட்சம் புத்தகம் உள்ள இடத்தில் அந்த விதி சரி, இல்லாவிட்டால் தேடுகிறவர் முன் குப்பையாகக் குவியும். எங்களிடம் இருப்பதே கொஞ்சம். இந்த மலையில் எந்த நோய் வாசலுக்கு வருகிறதோ அது ஒரு அத்தியாயத்தில் இருந்தாலும் தலைப்பு போடுவேன். மலையில் யாரும் கேட்காத பொருள் பாதிப் புத்தகம் இருந்தாலும் ஒரு தலைப்போடு நிறுத்திக்கொள்வேன். சக நூலகர் ஒருவர் இதை ஒழுங்கீனம் என்றார். இருக்கட்டும்.

சிக்கிள் செல்லுக்கு மட்டும் நான் கூடுதல் அக்கறை எடுப்பதற்குக் காரணம் இந்த ஊர்தான். தென்னிந்தியாவில் சிக்கிள் செல் பண்பை லேமனும் கட்புஷும் 1952இல் முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கிய பிறகு கையேடுகளும் வழிகாட்டிகளும் வந்துகொண்டே இருக்கின்றன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நோய்க்கு ஒரு தலைப்பு. நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்கு "சிக்கிள் செல் ட்ரெய்ட்" என்று தனித் தலைப்பு. கல்யாணத்துக்கு முன் ஆலோசனை சொல்லப் போகும் பணியாளருக்கு வேண்டியது இரண்டாவது. கர்ப்பிணியை வார்டில் பார்க்கும் நர்ஸுக்கு வேண்டியது முதலாவது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் இருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் இருக்கும் தம்பி, "எங்ககிட்ட ஐசிடி கோடு இருக்கே மேடம், அதையே புத்தகத்துக்கும் போட்டுடலாமே" என்று அடிக்கடி கேட்பார். அவர் ஏட்டில் சிக்கிள் செல் டி57, ரேபிஸ் ஏ82. ஐசிடி என்பது நோய்களுக்குக் குறியீடு கொடுக்கும் உலகப் பட்டியல்; நோயாளிகளை எண்ணுவதற்கான கணக்கு. நர்சிங் கல்வி, ஆராய்ச்சி முறை, மருத்துவமனை நிர்வாகம், இதற்கெல்லாம் நோய்க் கோடு எங்கே தேடுவது? அவர் விட்டபாடில்லை, நானும் விடவில்லை.

மெஷ் ஒவ்வொரு வருஷமும் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். கோவிட்-19 வந்தபோது 2020இல் துணைப் பதிவாகச் சேர்த்தார்கள்; 2021 பட்டியலில்தான் முழுத் தலைப்பாக ஆனது. பழைய காலத்தில் மங்கோலிசம் என்று ஒரு தலைப்பு இருந்தது; இன்று அது டவுன் சிண்ட்ரோம். சர்ஜன் கொடுத்த குழந்தை மருத்துவ நூல் ஒன்றில் அத்தியாயப் பெயரே அந்தப் பழைய சொல்தான். புத்தகத்தில் அச்சானதை நான் மாற்ற மாட்டேன். தலைப்பு மட்டும் இன்றைய பெயரில் இருக்கும். பழைய சொல்லைத் தட்டச்சு செய்தாலும் கோஹா இங்கேயே கொண்டுவந்து விடும்.

தொடங்குகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள். வெளிநாட்டுப் பதிப்பு என்றால் முதலில் என்.எல்.எம். கேட்டலாகில் ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டுப் பாருங்கள்; தலைப்பும் எண்ணும் தயாராகக் கிடைத்துவிடும். ஆனால் அப்படியே நகலெடுக்காமல் பொருளடக்கத்தை ஒரு ஓட்டம் பார்த்து உங்கள் ஊருக்கு வேண்டியதைச் சேருங்கள். பார்க்காமல் புத்தகத்தின் பெயரை மட்டும் வைத்துத் தலைப்பு போடுவது மோசமான பழக்கம். மருத்துவப் புத்தகங்களுக்குப் பெயர் வைப்பவர்களுக்குக் கற்பனை குறைவு, பாதிக்கு மேல் "டெக்ஸ்ட்புக் ஆஃப்" என்றுதான் தொடங்கும். அதிகம் கேட்கப்படும் ரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். எங்களுக்கு அது பேறுகாலம், அடுத்து நர்சிங். மருத்துவ வரலாற்றை எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஜூன் தொடங்கினால் பனிமூட்டம் உள்ளே வந்து முதுகு லேபிள் எல்லாம் உரிந்துவிடும் என்பதால் ஒட்டும் வேலையை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்கிறோம். அந்த இலாகா அட்டெண்டர் அண்ணனுடையது.

இப்போது என் மேசையில் இருப்பது தமிழ்த் துண்டுப் பிரசுரங்கள்: முகாம்களில் கொடுத்தவை, சுகாதாரப் பணியாளர்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டவை. இவற்றைத் தேடி வருகிறவர் டயபடீஸ் மெல்லிட்டஸ் என்று தட்டச்சு செய்ய மாட்டார், சுகர் என்றுதான் கேட்பார். ஹைப்பர்டென்ஷன் என்று சொல்ல மாட்டார், பிரஷர் என்பார். மெஷ் தலைப்பை 650இல் போட்டுவிட்டு, மக்கள் வாயில் வருகிற சொல்லைக் கட்டுப்பாடற்ற சொற்களுக்கான 653 புலத்தில் போடுகிறேன். சுகர், சர்க்கரை, நீரிழிவு மூன்றும் அங்கே உண்டு. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருவரிடம், ஊரில் சிக்கிள் செல்லை என்னென்ன பெயரில் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டியல் வந்ததும் அதுவும் 653இல் ஏறும்.